பெயர் மாற்றிக்கொண்டு கடல் கடந்த 'பஃபி'

2000-இல் 'பஃபி' பாட்டு ஜோடியின் 'ஸ்பைக்' ஆல்பம் வெளிவந்தபோது, ஜப்பானில் அவர்கள் யாரென்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. அமி ஒனுகி, யூமி யோஷிமுரா இருவரும் 1996-இல் பாடிய முதல் பாட்டு 'ஆசியா நோ ஜுன்ஷின்' பத்து லட்சம் பிரதிகளைத் தாண்டி விற்றது. வரிகள் யோசுய் இனோவே, இசை தமியோ ஒகுடா. பளபளப்பான உடையும் அசத்தல் நடனமுமாகப் பாடகிகள் மேடையை ஆண்ட காலம் அது. இவர்களோ டி-ஷர்ட்டும் ஜீன்ஸுமாக வந்து, அலட்டிக்கொள்ளாமல் கையை ஆட்டிப் பாடிவிட்டுப் போனார்கள். ஒகுடாவின் மெட்டுகளில் பீட்டில்ஸ் வாடை கொஞ்சம் தூக்கலாகவே அடிக்கும். அதை அவர் மறைக்கவும் முயன்றதில்லை.

'ஸ்பைக்'கில் ஓர் அமெரிக்கரின் கையும் இருந்தது. அவர் ஆண்டி ஸ்டர்மர். கலிஃபோர்னியாவின் ஜெல்லிஃபிஷ் ராக் குழுவில் பாட்டும் டிரம்ஸும் அவர் பொறுப்பு. டிரம்ஸ்காரர் பின்னால் உட்கார்ந்திருப்பதுதான் ராக் மேடையின் வழக்கம். இவர் முன்வரிசையில் நின்றபடியே அடித்துக்கொண்டு பாடுவார். இரண்டே ஆல்பங்கள் போட்டுவிட்டு, 1994-இல் குழு கலைந்தது. சொந்த ஊரில் காற்று வாங்கிய அதன் இசைப் பாணிக்கு டோக்கியோ இடம் கொடுத்தது. இந்த ஜோடிக்குப் 'பஃபி' என்று பெயர் வைத்தவரே ஸ்டர்மர்தான். 'ஸ்பைக்'கில் வரும் 'லவ் ஸோ ப்யூர்' என்ற ஆங்கிலப் பாட்டும் அவருடையது.

2001-இல் ஆல்பம் அமெரிக்கா போனது. அதை அங்கே வெளியிட்டது பெரிய கம்பெனி அல்ல. நியூயார்க்குக்கு எதிரே, ஹட்சன் ஆற்றின் அக்கரையில் ஹோபோகன் என்ற சிற்றூரில் இயங்கிய 'பார்நன்'. 'தே மைட் பி ஜயண்ட்ஸ்' குழுவின் முதல் ஆல்பத்தை 1986-இல் போட்ட அதே சின்ன நிறுவனம். ஆனால் அமெரிக்கர் வைத்த பெயர் அமெரிக்காவிலேயே செல்லவில்லை. ராப் பாடகர் ஷான் கோம்ஸ் அப்போது 'பஃப் டாடி'. வம்பு வேண்டாமென்று அட்டையில் 'பஃபி அமியூமி' ஆனார்கள். வேடிக்கை என்னவென்றால், அதே ஆண்டில் கோம்ஸும் தன் பெயரைப் 'பி. டிடி' என்று மாற்றிக்கொண்டார்!

பாட்டுகள் பெரும்பாலும் ஜப்பானிய மொழியிலேயே போயின. ஆங்கிலத்தில் மொத்தமாக மாற்றிப் பாட வைக்காதது நல்ல காரியம் என்பேன். இந்தக் குரல்களின் சோம்பலான அழகு அதில்தான் இருக்கிறது. விஷயம் தெரிந்த ரசிகர்கள் தேடி வாங்கினார்கள். மற்றவர்களை எட்ட வேறு வழி திறந்தது. 2003-இல் 'டீன் டைட்டன்ஸ்' கார்ட்டூனுக்கு ஸ்டர்மர் எழுதிய தலைப்புப் பாட்டை இவர்கள் பாடினார்கள். ஆங்கிலத்தில் ஒன்று, ஜப்பானியத்தில் ஒன்று. அன்றைய கதை கோமாளித்தனமானது என்றால் பெரும்பாலும் ஜப்பானியப் பாட்டு ஒலிக்கும். 2004 நவம்பரில் தொடங்கிய ஒரு கார்ட்டூன் தொடரில் இருவருமே பாத்திரங்களாகிவிட்டார்கள்: இளஞ்சிவப்பு முடியோடு அமி, ஊதா முடியோடு யூமி. அந்தத் தொடரின் பெயரிலேயே அமெரிக்காவில் வந்த தொகுப்பு சிடியில் 'ஸ்பைக்'கின் 'லவ் ஸோ ப்யூர்', 'பூகி வூகி நம்பர் 5' இரண்டும் இடம்பிடித்தன. இந்த முறை வாங்கச் சொல்லி அடம்பிடித்தது குழந்தைகள்.