ஒரே எஞ்சின், வேறவேற கைகள்

மாதிரி ரயில் எஞ்சின் சேகரிக்கிற ஆக்களிட்ட ஒரு விசித்திரமான பழக்கம் இருக்கு. ஒரே எஞ்சினைத்தான் திரும்பத் திரும்ப வாங்குவார்கள். பார்க்கிறவைக்கு எல்லாம் ஒண்டு மாதிரித்தான் தெரியும். அவர்களோ அதைக் கவிழ்த்துப் பிடித்து, உடம்பு தகரமா பிளாஸ்டிக்கா, சில்லு எப்படிப் பூட்டியிருக்கு, எங்க செய்தது எண்டெல்லாம் தேடுவார்கள். பிரித்தானியாவின் ஹோன்பி ரயில்கள் 1920இல் லிவர்பூலில், சாவி முடுக்கினால் ஓடும் தகர எஞ்சின்களாகத் தொடங்கின. 1938இல் அளவில் சிறிய 'டப்ளோ' வந்தது. 1964இல் கொம்பனி கைமாறியது. 1990களில் உற்பத்தி சீனாவுக்குப் போனது. ஹோன்பி எண்ட பெயர் மட்டும் இன்றுவரை தொடர்ந்து வருகிறது.

பெயர் அப்படியே இருக்க, செய்கிற கை மாறுகிறது. வரலாறு படிக்கிற எங்களுக்கும் இதைக் கவனிக்கிற கண் வேணும் எண்டு நாங்கள் நினைக்கிறம். அந்தக் கண்ணோடு ஒரு உண்மையான எஞ்சினைப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை. அதற்கு நாங்கள் எடுத்துக்கொண்டது தமிழ்நாட்டின் நீலகிரி மலை ரயிலில் ஓடும் 'எக்ஸ்' வகுப்பு நீராவி எஞ்சின். காரணம் ஒண்டுதான்: அதே எஞ்சினை இரண்டு நாடுகளில், ஏறக்குறைய நூறு வருச இடைவெளியில் செய்திருக்கிறார்கள்.

மேட்டுப்பாளையத்தில் இருந்து ஊட்டிக்கு 46 கிலோமீற்றர். 1891இல் வேலை தொடங்கி 1908இல்தான் பாதை முடிந்தது. கடல்மட்டத்தில் இருந்து 326 மீற்றரில் புறப்படுகிற ரயில் 2,203 மீற்றர் வரை ஏற வேணும். கல்லாறில் இருந்து குன்னூர் வரை ஏற்றம் மிகக் கடுமை. சாதாரண சில்லு அங்க வழுக்கும். அதனால தண்டவாளங்களுக்கு நடுவில் பல் வைத்த இரும்புச் சட்டங்கள் பதித்திருக்கிறார்கள். எஞ்சினின் அடியில் இருக்கிற பற்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறும். எக்ஸ் வகுப்புக்கு நாலு சிலிண்டர். சமதரையில் இரண்டு சிலிண்டர் சாதாரண சில்லுகளை ஓட்டும். பல்சட்டம் தொடங்கினதும், அந்த இரண்டிலும் வேலை செய்து முடித்த நீராவி வெளியே போகாமல் மற்ற இரண்டு சிலிண்டருக்கும் போய்ப் பற்சக்கரத்தைச் சுழற்றும். ஒரே நீராவிக்கு இரண்டு வேலை.

இந்த எஞ்சினை வடிவமைத்துச் செய்தது சுவிற்சர்லாந்தின் வின்ரர்தூர் நகரத் தொழிற்சாலை. 1914 முதல் பல தொகுதிகளாக அங்கிருந்து வந்தன. கடைசித் தொகுதி வந்தது 1952இல். அந்த வருசத்தைக் கொஞ்சம் கவனிக்க வேணும். இந்தியா சுதந்திரம் அடைந்து ஐந்து வருசம். கொடி மாறிவிட்டது, ஆனால் இந்த எஞ்சினுக்கு இன்னும் வின்ரர்தூரிடம்தான் போக வேண்டியிருந்தது. ஒரு நாட்டின் விடுதலைத் திகதியும் அதன் பட்டறைகளின் விடுதலைத் திகதியும் ஒண்டில்லை.

அடுத்த தொகுதி திருச்சி பொன்மலைப் பட்டறையில் செய்யப்பட்டது. 2011 முதல் 2014 வரை நாலு எஞ்சின்கள். வடிவம் பழைய எக்ஸ்தான், எரிபொருள் மட்டும் நிலக்கரி இல்லை, எண்ணெய். நிலக்கரியில் இருந்து பறக்கிற பொறி காய்ந்த காட்டில் விழுந்தால் ஆபத்து. கரி அள்ளிப் போடுகிறவரின் முதுகும் மிச்சம். பிறகு 2021இல் நிலக்கரியில் ஓடும் எக்ஸ் எஞ்சின் ஒண்டையும் பொன்மலை செய்து காட்டியது.

"எண்ணெயில ஓடுறது உண்மையான நீராவி எஞ்சினே இல்லை, இது நகல்" எண்டு சொல்கிற ரசிகர்கள் உண்டு. அவைக்கு ஒரு தகவல். வின்ரர்தூர் தொழிற்சாலையே 1992இல் ஐரோப்பிய மலை ரயில்களுக்குப் புதிய நீராவி எஞ்சின்கள் செய்தது. அவையும் எண்ணெயில்தான் ஓடுகின்றன. சுவிஸ்காரர் மாற்றினால் முன்னேற்றம், திருச்சிக்காரர் மாற்றினால் நகலா?

பொன்மலைக்கும் ஒரு பழைய கதை இருக்கு. தென்னிந்திய ரயில்வே, நாகப்பட்டினம் உட்படப் பல இடங்களில் இருந்த பட்டறைகளை 1928இல் பொன்மலைக்குக் கொண்டுவந்தது. அதோடு ஆட்குறைப்பும் வந்தது. அந்த வருசம் நடந்த பெரிய வேலைநிறுத்தத்தில் சிங்காரவேலர் உட்படத் தலைவர்கள் சிறைக்குப் போனார்கள். வேலை போகும் எண்டு பயந்து தொழிலாளர்கள் போராடிய காலத்தில் பிறந்த அந்தப் பட்டறைதான், எண்பது வருசம் கழித்து, வெளிநாட்டில் இருந்து மட்டுமே வந்த எஞ்சினைத் தானே செய்தது. எஞ்சினில் பதித்த தகட்டில் பட்டறையின் பெயர் இருக்கும். வேலை செய்தவரின் பெயர் ஒருநாளும் இருக்காது.

அசல், நகல் எண்ட கேள்வி எங்கட மாவட்டத்துக்குப் புதிதில்லை. போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயில் திரும்பக் கட்டப்பட்டு, 1963இல் கும்பாபிஷேகம் நடந்தது. 1950இல் கிணறு வெட்டும்போது மண்ணுக்குள் இருந்து கிடைத்த பழைய சிலைகளும் அங்க சேர்ந்தன. அதை நகல் எண்டு யாரும் சொல்வதில்லை. திரியாயிலும் இடம்பெயர்ந்து திரும்பி வந்த சனம் அதே வளவில் புது வீடு கட்டியிருக்கு. வீடு புதுசு, வளவு பழசு, கட்டத் தெரிந்த கை அதே பரம்பரை. தொடர்ச்சி எண்டது பொருளில் மட்டும் இல்லை. செய்யத் தெரிந்த கையிலும் இருக்கு.

திரியாய்க்குக் கோச்சி வராது. எண்டாலும் கல்லோயாவில் இருந்து திருகோணமலைக்கு 1927இலேயே பாதை வந்தது. அதில் கரி அள்ளினவை, சிலிப்பர் கட்டை மாற்றினவை, எஞ்சின் கழுவினவை எங்கட மாவட்டத்திலும் இருந்திருப்பினம். எஞ்சின்களின் இலக்கமும் வகுப்பும் எழுத்தில் இருக்கு. அந்த ஆக்களின் கதை அவர்களின் பிள்ளைகளிடமும் பேரப்பிள்ளைகளிடமும்தான் கிடைக்கும். வாசிக்கிற உங்கட வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், இந்த லீவுக்குள்ளேயே பக்கத்தில் இருந்து கேட்டு எழுதி வையுங்கோ.