பிரேக் பிடிக்கவில்லை

2011ஆம் ஆண்டு மழைக்காலத்தில் ஒரு மாலை, பாடி மேம்பாலத்திலிருந்து அம்பத்தூர்ப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தோம். மாமனார் வழியாக வந்த, 1970களில் பிறந்த கார். முன்னே ஒரு மாநகரப் பேருந்து நின்றது. பெடலை மிதித்தபோது அது எவ்வித எதிர்ப்புமின்றித் தரை வரை போயிற்று. சேற்றில் கால் வைத்தாற்போன்ற உணர்வு. மீண்டும் மிதித்தோம், மீண்டும் அதே. கியரை இரண்டாவதுக்கு இறக்கி, ஹேண்ட் பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுத்து, இடப்புறம் கொட்டிக் கிடந்த மணலில் சக்கரங்களை ஏற்றிய பிறகே வண்டி நின்றது. பேருந்துக்கும் எங்களுக்கும் இடையே ஓர் ஆள் படுக்கும் தூரம்கூட இல்லை. துணைவியார் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "என்ன ஆச்சு?" என்றார். "திடீர்னு பிரேக் பிடிக்கல" என்றோம்.

அந்த வாக்கியம் அன்று முதல் நம்மை உறுத்திக்கொண்டிருக்கிறது. தமிழாசிரியர் தொழில் செய்பவரின் வியாதி என்று நண்பர்கள் சிரிக்கலாம். வண்டி நின்றால், "நான் சட்டென்று பிரேக் பிடித்தேன்" என்கிறோம்; வினைமுதல் நான். நிற்காவிட்டால், "பிரேக் பிடிக்கவில்லை" என்கிறோம், வினைமுதல் பிரேக். ஓட்டுநர் வாக்கியத்தைவிட்டே இறங்கிப்போய்விடுகிறார். நாளிதழ்ச் செய்திகளும் இந்த இலக்கணத்தையே பின்பற்றுகின்றன. 'திடீரென்று' என்ற அடையும் சேர்ந்துகொண்டால் விபத்து விதியாகிவிடுகிறது.

பிரேக்கின் வரலாற்றைப் படித்தால், இந்தத் 'திடீர்' என்பதை ஒப்புக்கொள்ள மறுத்தவர்களின் வரலாறாகவே அது தெரிகிறது. அதற்கு முதலில் ரயிலிடம் போகவேண்டும். மேம்பாலத்துக்குச் சற்று வடக்கே ஓடும் இருப்புப்பாதை, 1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை திறக்கப்பட்ட, தென்னிந்தியாவின் முதல் பயணிகள் பாதை. அக்காலத்தில் உலகெங்கும் ரயிலை நிறுத்தியவை எஞ்சினில் இருந்த பிரேக்கும், கார்டுகள் கையால் திருகிய பிரேக்குகளுமே. 1869இல் அமெரிக்கரான ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் காற்று பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். எஞ்சினிலிருந்து குழாய் வழியே அழுத்தக்காற்றை அனுப்பினால் பெட்டிதோறும் பிரேக் இறுகும். ஆனால் குழாய் அறுந்தால் காற்றும் போயிற்று, பிரேக்கும் போயிற்று. 1872இல் அவரே இதைத் தலைகீழாக்கினார். குழாயில் எப்போதும் அழுத்தம் இருக்கும். அது குறைந்தால், பெட்டியில் சேமித்த காற்று பிரேக்கை இறுக்கும். ஓட்டுநர் நிறுத்த விரும்பினாலும் குழாய் உடைந்தாலும் விளைவு ஒன்றே: வண்டி நிற்கும். கோளாறு வராது என்று அவர் நம்பவில்லை. வரும்போது எந்தப் பக்கம் விழவேண்டும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்தார்.

உலகம் இதை உடனே ஏற்றுக்கொண்டுவிடவில்லை, செலவு காரணம். 1889 ஜூன் 12இல் அயர்லாந்தின் அர்மா நகருக்கு அருகே, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துச் சென்ற ரயில் ஓர் ஏற்றத்தில் திணறி நின்றது. முன்பெட்டிகள் சிலவற்றை முதலில் இழுத்துச் செல்லலாம் என்று ரயிலைப் பிரித்தார்கள். அதிலிருந்தது வெற்றிட பிரேக். ஆனால் தானியங்கி வகை அன்று. இணைப்பைக் கழற்றியதும் பின்பெட்டிகளில் பிரேக்கின் பிடி விட்டுப்போயிற்று. கையால் திருகும் பிரேக்கும் சக்கரத்தடியில் வைத்த கற்களும் தாங்கவில்லை. பெட்டிகள் சரிவில் உருண்டு, பின்னே வந்த ரயிலின் மீது மோதின. இறந்தோர் சுமார் 80 பேர், அவர்களுள் பலர் குழந்தைகள். அவ்வாண்டே பிரிட்டனில் பயணிகள் ரயிலுக்குத் தானியங்கி பிரேக் சட்டப்படி கட்டாயமாயிற்று. பதினேழு ஆண்டுகளாகக் கையில் இருந்த விடைக்கு அத்தனை பிள்ளைகள் விலை.

கார் இந்தப் பாடத்தைக் கற்காமலேயே வளர்ந்தது என்பதுதான் விந்தை. மால்கம் லாக்ஹீட் உருவாக்கிய திரவ பிரேக்குகள் 1921இல் டூசன்பெர்க் காரின் நான்கு சக்கரங்களிலும் வந்தன. பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து ஆயில் அழுத்தப்பட்டு, நான்கு சக்கரங்களுக்கும் சமமாகப் பாயும். அழகான ஏற்பாடு, ஆனால் வெஸ்டிங்ஹவுஸ் 1872இல் கைவிட்ட அதே ஏற்பாடு. எங்கேனும் ஒரு குழாய் கசிந்தால் நான்கும் போய்விடும். ஃபோர்டு நிறுவனம் 1939 வரை எஃகுத் தண்டுகளாலான பிரேக்கையே கட்டிக்கொண்டு அழுததைப் பழமைவாதம் என்று எளிதில் தள்ளிவிட முடியாது. திரவச் சுற்றை இரண்டாகப் பிரித்து, ஒன்று போனாலும் மற்றது நிற்கும்படி செய்வது அமெரிக்கக் கார்களில் பொது வழக்கானது 1967 மாடல்களில்தான். எங்கள் கார் அதற்குப் பின் பிறந்தும் ஒற்றைச் சுற்றோடுதான் பிறந்திருந்தது.

இத்தனையும் நடந்தது பாடியில் என்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. கர்லிங் பிரேக்குகளைச் செய்ய பிரேக்ஸ் இந்தியா நிறுவனமும், லாரி, பேருந்துகளுக்கான காற்று பிரேக்குகளைச் செய்ய சுந்தரம் கிளேட்டனும் 1962இல் தொடங்கப்பட்டது இவ்வூரை ஒட்டித்தான். டன்லப், பிரிட்டானியா என்று பேருந்து நிறுத்தங்களே தொழிற்சாலைப் பெயர் தாங்கும் வட்டாரம் இது. அந்த லாரி பிரேக்குகளின் வழியே வெஸ்டிங்ஹவுஸின் எண்ணம் சாலைக்கும் வந்தது: இன்றைய கனரக வாகனங்களில் காற்று இறங்கிவிட்டால், வலிய சுருள்வில் ஒன்று பிரேக்கை இறுக்கிவிடும்.

பொறியாளர்கள் ஒருபுறம் இருக்க, நீதிபதிகள் வேறு வழியில் அதே இடத்தை வந்தடைந்தனர். இங்கிலாந்தில் மலைச்சரிவில் இறங்கிய லாரி ஒன்று பிரேக் இழந்து, நின்றிருந்த வேனிலிருந்து இறங்கிய ஒருவரைக் கொன்றது. பிரேக் ஆயில் குழாய் அரித்து ஓட்டை விழுந்திருந்தது. குழாயின் வெளியே தெரிந்த பகுதியை வாரந்தோறும் பார்த்தோம், அரித்தது கழற்றினால் மட்டுமே தெரியும் பகுதி, எனவே இது எவரும் அறியமுடியாத கோளாறு என்றனர் உரிமையாளர்கள். 1969இல் பிரபுக்கள் சபை, மூவருக்கு இருவர் என்ற கணக்கில், அதை ஏற்க மறுத்தது. அந்த லாரி எங்கெங்கு ஓடியது, எதை ஏற்றியது, குழாய் அரிக்கும் சூழல் இருந்ததா என்பதையெல்லாம் உரிமையாளரே சொல்லியிருக்கவேண்டும் என்பது தீர்ப்பு. ஹெண்டர்சன் வழக்கு என்று சட்ட மாணவர்கள் படிப்பது இதைத்தான். நம் உச்சநீதிமன்றமும் 1977இல் மினு மேத்தா வழக்கில், விபத்துக்கு இயந்திரக் கோளாறே காரணம் என்பவர், உரிய கவனம் எல்லாம் எடுத்துக்கொண்டதை நிறுவும் சுமையைத் தாமே ஏற்கவேண்டும் என்றது. அதாவது, வாக்கியத்தைவிட்டு இறங்கிப்போன வினைமுதலை நீதிமன்றம் கைப்பிடித்து மறுபடியும் உள்ளே உட்காரவைக்கிறது.

மறுநாள் காலை அம்பத்தூர் மெக்கானிக் பின்சக்கர டிரம்மைக் கழற்றினார். உட்புறமெல்லாம் ஆயில் பிசுபிசுப்பு. வீல் சிலிண்டரின் ரப்பர் கப் விளிம்பு தேய்ந்து பிளந்திருந்தது. மேலே இருந்த டப்பாவில் மிச்சமிருந்த ஆயில் கருங்காப்பி நிறம். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. புதிதாக 205 டிகிரியில் கொதிக்கவேண்டிய டாட் 3 வகை, ஈரமேறினால் 140 டிகிரிக்கு இறங்கிவிடும். ஈரம் சிலிண்டரையும் உள்ளிருந்து அரிக்கும். சென்னைக் காற்றின் ஈரத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

"சார், இது எப்ப மாத்துனது?"

மாமனார் காலத்தில் என்று சொல்ல வாயெடுத்தோம். ஆனால் வண்டி எங்களிடம் வந்தே ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. ஞாயிறுதோறும் வெளிப்புறத்தைத் துடைத்து, டயரில் காற்றுப் பார்த்து வந்திருக்கிறோம். டிரம்மைக் கழற்றிப் பார்க்கச் சொன்னதாக நினைவில்லை.

"மாத்தலங்க" என்றோம்.

அவர் ரப்பர் கப்பை விரலால் பிதுக்கிக் காட்டினார். "ரொம்ப நாளாவே கசிஞ்சிருக்கு சார்."