வோங் கிம் ஆர்க் என்றொரு சமையல்காரர்

அமெரிக்காவில பொறந்தா அமெரிக்கக் குடிமகன், இதுல பேச என்ன இருக்கு? எச்-1பி விசாவில அங்க இருக்கிற நம்மாளுங்க ரொம்பப் பேர் 2025 ஜனவரி வரைக்கும் இப்படித்தான் நினைச்சிட்டு இருந்தாங்க. ஜனவரி 20ம் தேதி, பதவியேற்ற அன்னிக்கே ட்ரம்ப் ஒரு ஆணையில கையெழுத்துப் போட்டார். அம்மா சட்டத்துக்குப் புறம்பாவோ தற்காலிக விசாவிலயோ அங்க இருந்து, அப்பாவும் குடிமகனோ க்ரீன் கார்டுக்காரரோ இல்லைன்னா, இனிமே பொறக்கிற குழந்தைக்குக் குடியுரிமை கிடையாதுன்னு அந்த ஆணை சொல்லிச்சு. அதுக்கப்புறம் நடந்த விவாதத்துல எல்லார் வாயிலயும் அடிபட்ட பேர் வோங் கிம் ஆர்க். ஆனா அது ஒரு தீர்ப்போட பேரா மட்டும்தான் அடிபட்டுச்சு. அந்த ஆள் யாரு, கேஸ்ல ஜெயிச்சப்புறம் அவருக்கு என்ன ஆச்சுன்னு பெரும்பாலும் யாரும் சொல்லலை. அதான் இந்தப் பதிவு.

கொஞ்சம் பின்னாடியிருந்து ஆரம்பிக்கிறேன். 1857ல டிரெட் ஸ்காட் வழக்கில அமெரிக்க உச்சநீதிமன்றம், கறுப்பர்கள் அடிமையா இருந்தாலும் சரி, விடுதலை ஆனவங்களா இருந்தாலும் சரி, அமெரிக்கக் குடிமக்கள் ஆக முடியாதுன்னு சொல்லிடுச்சு. உள்நாட்டுப் போர் முடிஞ்ச பிறகு அதை உடைக்கத்தான் 1868ல அரசியல் சட்டத்தின் பதினான்காவது திருத்தம் வந்தது. அமெரிக்காவில் பிறந்து, அதன் ஆளுகைக்கு உட்பட்ட எல்லாரும் குடிமக்கள். இதுதான் சாரம்.

"அது அடிமைகளோட பிள்ளைங்களுக்காகக் கொண்டு வந்த சட்டம்ங்க, வந்தேறிங்களைப் பத்தி அப்ப யாரும் நினைச்சே பார்க்கலை" - இந்த வாதத்தை நீங்களும் கேட்டிருப்பீங்க. நினைச்சுப் பார்த்தாங்க. 1866 மே மாசம் செனட்டில விவாதம் நடக்கும்போது பென்சில்வேனியா உறுப்பினர் எட்கர் கோவன் எழுந்து, அப்படின்னா கலிஃபோர்னியாவில பொறக்கிற சீனக் குழந்தையும் குடிமகனா, ஜிப்சிக் குழந்தையும் குடிமகனான்னு கேட்டார். சீனர்கள் திரண்டு வந்து மாநிலத்தையே நிரப்பிட்டா என்ன செய்யறதுங்கிறது அவரோட கவலை. அதுக்குப் பதில் சொன்னவர் கலிஃபோர்னியாவிலிருந்தே வந்த ஜான் கானெஸ். ஆமா, சீனக் குழந்தையும் குடிமகன்தான், அப்படித்தான் இருக்கணும்னார். கானெஸ் அயர்லாந்தில பொறந்து சின்ன வயசில கப்பலேறி வந்தவர். 1869ல பதவிக்காலம் முடிஞ்சதும் கலிஃபோர்னியா அவரைத் திரும்ப செனட்டுக்கு அனுப்பலை. :-)

சீனர்கள் வந்து ரயில் பாதை போட்டாங்க, சுரங்கத்தில வேலை பார்த்தாங்க. வேலை முடிஞ்சதும் வெறுப்பு ஆரம்பிச்சது. 1882ல சீனத் தொழிலாளர் உள்ளே வரக் கூடாதுன்னு சட்டம். ஏற்கெனவே உள்ளே இருக்கிறவங்க எத்தனை வருஷம் இருந்தாலும் மனுப் போட்டுக் குடிமகன் ஆக முடியாது. ஏன்னா அந்த உரிமை வெள்ளையருக்கும், 1870க்குப் பிறகு ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கும் மட்டும்தான். அப்ப அவங்களுக்கு அங்கேயே பொறந்த பிள்ளை?

அந்தப் பிள்ளைதான் வோங். நீதிமன்ற ஆவணப்படி 1873ல, சான் பிரான்சிஸ்கோ சைனா டவுன்ல சாக்ரமெண்டோ தெருவில பொறந்தார். அப்பா அம்மா கடை வச்சிருந்தாங்க. 1890ல அவங்க சீனாவுக்கே திரும்பிட்டாங்க. கூடப் போன மகன் மட்டும் திரும்பி வந்தார், அப்ப குடிமகன்னு சொல்லி உள்ளே விட்டாங்க. தொழில் சமையல். 1894 நவம்பர்ல மறுபடி சீனா கிளம்பும்போது முன்ஜாக்கிரதையா ஒரு காரியம் செஞ்சார். இவர் இங்கே பொறந்தவர்தான்னு வெள்ளைக்காரங்க சிலர்கிட்ட சாட்சிக் கையெழுத்து வாங்கி வச்சுக்கிட்டார். தான் பொறந்த ஊருக்குள்ள திரும்பி வர அடுத்தவன் கையெழுத்து!

1895 ஆகஸ்ட்ல காப்டிக்ங்கிற நீராவிக் கப்பல்ல திரும்பி வந்தார். சுங்க அதிகாரி ஜான் வைஸ் இறங்க விடலை. அப்பா அம்மா சீனர், அதனால நீயும் சீனன், போய்யா. காப்டிக் கிளம்பற நேரம் வந்ததும் கேலிக்ங்கிற கப்பலுக்கு மாத்தினாங்க, அப்புறம் பீக்கிங்ங்கிற கப்பலுக்கு. மாசக்கணக்கா கப்பல் கப்பலா மாத்தி வச்சிருந்தாங்க. பொறந்த ஊர் கண்ணுக்கு எட்டின தூரத்தில இருக்கு, கால் வைக்க முடியாது.

சிக்ஸ் கம்பெனிஸ்னு சொல்லப்பட்ட சீனர் சங்கம் பின்னால நிக்க, வக்கீல் தாமஸ் ரியர்டன் ஆட்கொணர்வு மனு போட்டார். 1896 ஜனவரியில மாவட்ட நீதிபதி வில்லியம் மாரோ, வோங் பக்கம் தீர்ப்புக் கொடுத்தார். இந்த மாரோ முன்னாடி காங்கிரஸ் உறுப்பினரா இருந்தப்ப சீனர் வருகையை எதிர்த்தவர். சொந்தக் கருத்து எதுவா இருந்தாலும் முந்தைய தீர்ப்பு ஒண்ணு கையைக் கட்டியிருந்தது. அரசு விடலை, உச்சநீதிமன்றத்துக்குப் போச்சு.

1898 மார்ச் 28. ஆறுக்கு ரெண்டு. நீதிபதி ஹொரேஸ் கிரே எழுதின தீர்ப்பு 1608ம் வருஷத்து இங்கிலாந்துக் கால்வின் வழக்கு வரைக்கும் பின்னோக்கிப் போகுது. மன்னனோட மண்ணில் பிறந்தவன் மன்னனோட குடி, பெத்தவங்க யாரா இருந்தாலும். தூதர்களோட பிள்ளைங்க, படையெடுத்து வந்து ஆக்கிரமிச்ச எதிரியோட பிள்ளைங்க, அப்ப தனி நிலையில இருந்த பூர்வகுடிகள், இப்படிச் சில விலக்குகள்தான் உண்டு. கூடவே நடைமுறை விஷயம் ஒண்ணும் சொன்னார். சீனப் பிள்ளைக்கு இல்லைன்னா ஜெர்மன், ஐரிஷ் பெற்றோருக்குப் பொறந்து குடிமக்களாவே நடத்தப்பட்டு வர்ற ஆயிரக்கணக்கானவங்களுக்கும் இல்லைன்னு ஆயிடும். வெள்ளைக்காரப் பிள்ளைங்களைக் காப்பாத்தப் போய்ச் சீனப் பிள்ளையும் பிழைச்சதுன்னுதான் எனக்குத் தோணுது. எதிர்த்து நின்ன ரெண்டு பேர்ல ஒருத்தர் ஜான் மார்ஷல் ஹார்லன். 1896ல பிளெஸ்ஸி வழக்கில, கறுப்பருக்குத் தனி ரயில் பெட்டிங்கிறதைத் தனி ஆளா எதிர்த்த அதே ஹார்லன்! அந்த வழக்கில கிரே எதிர்ப்பக்கம். மனுஷங்களை நல்லவன் கெட்டவன்னு பெட்டியில போட்டு மூட முடியறதில்லை.

2025ல அரசுத் தரப்பு பிடிச்சுக்கிட்டது ஒரு சின்ன நூலை. வோங்கோட பெற்றோர் அங்கே நிரந்தரமாக் குடியிருந்தவங்கன்னு தீர்ப்பிலயே இருக்கு, அதனால அது தற்காலிகமா வந்தவங்களுக்குப் பொருந்தாதுன்னு வாதம். தீர்ப்பில அந்த வார்த்தைகள் இருக்கிறது நிஜம். ஆனா கிரே கட்டின வாதம் முழுக்க மண்ணு மேல நிக்குது. விசாவில வந்தவன் திருடினா போலீஸ் பிடிக்கும், தூதரைப் பிடிக்க முடியாது. ஆளுகைக்கு உட்படறதுன்னா அதுதானே? கீழ் நீதிமன்றங்கள் ஆணையைத் தடுத்தன. 2025 ஜூன்ல உச்சநீதிமன்றம், ஒரு நீதிபதி நாடு முழுக்கத் தடை போடறதுக்கு மட்டும் கடிவாளம் போட்டது. குடியுரிமைக் கேள்வியை நேரடியா விசாரிக்க டிசம்பர்ல ஒப்புக்கொண்டது.

சரி, ஜெயிச்ச வோங் என்ன ஆனார்? 1901ல டெக்சாஸ் எல் பாசோவில சீனன்னு சொல்லிக் கைது. உச்சநீதிமன்றத் தீர்ப்பையே தன் பேரில வச்சிருக்கிற மனுஷன் ஜாமீன்ல வெளிய வந்து, விடுபட மாசக்கணக்கா காத்திருந்தார். 1910ல சீனாவில பொறந்த மூத்த மகன் வந்தப்ப, ஏஞ்சல் தீவுல உக்கார வச்சுக் குடைஞ்சு குடைஞ்சு கேட்டாங்க. ஊர்ல எத்தனை வீடு, வீட்டுக்கு எத்தனை படிங்கிற மாதிரிக் கேள்விகள் அங்கே சகஜம். பதில் ஒத்துப்போகலைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. அவங்க சந்தேகத்துக்குக் காரணமும் இருந்தது. 1906 பூகம்பத்திலயும் தீயிலயும் சான் பிரான்சிஸ்கோ பிறப்பு ஆவணங்கள் எரிஞ்சுபோக, நானும் இங்கதான் பொறந்தேன்னு சொல்லிக் காகிதத்தில பிள்ளைங்களைக் காட்டினவங்க நிறைய. மத்த மகன்கள் பிற்பாடு உள்ளே வந்தாங்க. கடைசிப் பையன் 1926ல, 11 வயசில. அவரை ரெண்டாம் உலகப் போர்ல அதே அமெரிக்கா ராணுவத்துக்குக் கூப்பிட்டது. வோங் 1931ல சீனா போனவர் திரும்பலை.

அவர் வாங்கிக் கொடுத்ததை வச்சுப் பிழைச்சவங்க வேற ஆளுங்க. கலிஃபோர்னியாவில 1913 சட்டப்படி, குடிமகன் ஆகத் தகுதி இல்லாதவன் விவசாய நிலம் வாங்க முடியாது. 1923ல பகத் சிங் திண்ட் வழக்கில இந்தியன் வெள்ளையன் இல்லைன்னும் தீர்ப்பாச்சு. ஜப்பான்காரங்களும் பஞ்சாபிகளும் அங்கே பொறந்த பிள்ளைங்க பேர்ல நிலம் எழுதி வச்சாங்க. தொட்டில்ல கிடக்கிற நிலச்சுவான்தார்!

நம்ம நாட்டுல எப்படின்னு யாராவது கேப்பீங்க. இந்தியாவிலும் மண்ணுதான் கணக்கா இருந்தது. 1987 ஜூலை 1 முதல் பெற்றோர்ல ஒருத்தராவது குடிமகனா இருக்கணும்னு ஆச்சு. 2004 டிசம்பர்லேர்ந்து இன்னும் இறுக்கம், இன்னொருத்தர் சட்டவிரோதக் குடியேறியா இருக்கக் கூடாது. 1983க்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்தவங்களுக்கு இங்கே முகாம்ல பொறந்த குழந்தைகளை இந்த ரெண்டு தேதிதான் பிரிக்குது. 1987 ஜூலைக்கு முன்னால முகாம்ல பொறந்த ஒரு பெண்ணுக்கு, சட்டப்படி பொறப்பாலேயே குடிமகளா இருந்தும், பாஸ்போர்ட் கொடுக்கலை. 2022ல மதுரை உயர்நீதிமன்றக் கிளை கொடுக்கச் சொல்லி உத்தரவு போட வேண்டியிருந்தது.