ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் 3: விளையாடுறதா, விடுறதா?

எங்கட செட்டுக்கு ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் இரண்டாம் பாகம் வெறும் கேம் இல்லை. ஏ.எல். எழுதிப்போட்டு கம்பஸுக்குக் காத்திருந்த மாதங்களில் பழகினது, இப்ப ஹொஸ்டல் அறையில் நாலு லப்டொப்பை இணைச்சு விடிய விடிய விளையாடுற அளவுக்கு வந்திட்டுது. 1999இல் வெளிவந்த அந்தக் கேமுக்கு எங்களை விட வயசு கூட. சலாடின், ஜெங்கிஸ்கான், ஜோன் ஒஃப் ஆர்க் எல்லாரையும் நாங்கள் பாடப்புத்தகத்துக்கு முதல் அங்கதான் சந்திச்சம்.

இப்ப மூன்றாம் பாகம் மலிவு விலைக்கு வந்திருக்கு. வாங்கிறதா, விடுறதா என்று இரண்டு கிழமையா வாக்குவாதம். பிரச்சினை காசு இல்லை, வரலாறு.

2005இல் வந்த மூன்றாம் பாகத்தின் களம், அமெரிக்கக் கண்டங்களை ஐரோப்பியர் பிடிச்ச காலம். முதலில் அதில் இருந்தது எட்டுத் தரப்புகள். அதுக்குள்ள போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் மூண்டு பேரும் இருக்கினம். 1619இல் யாழ்ப்பாண அரசைப் பிடிச்சு, சங்கிலியனை கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொன்றவர்கள் முதலாமவர்கள். 1658இல் அவையளிட்ட இருந்து யாழ்ப்பாணக் கோட்டையைப் பறிச்சவர்கள் இரண்டாமவர்கள். 1795இல் அதே கோட்டைக்குள் நுழைஞ்சவர்கள் மூன்றாமவர்கள். எங்களை ஆண்ட மூண்டு பேரில் ஒருவரைத் தெரிவு செய்து 'ஸ்டார்ட்' அழுத்தச் சொல்லுது கேம்.

விதிகளைப் பார்த்தால் கெட்டித்தனமாத்தான் செய்திருக்கிறாங்கள். ஒல்லாந்தர் வங்கி கட்டினால் சும்மா இருக்கவே காசு சேரும். ஆங்கிலேயர் ஒவ்வொரு மாளிகை கட்டேக்கையும் ஒரு குடியேறி இலவசமாக வந்து சேருவான். வணிகக் கொம்பனியாக வந்த ஒல்லாந்தரையும், ஆட்களைக் குடியேற்றியே வட அமெரிக்காவைப் பிடிச்ச ஆங்கிலேயரையும் இரண்டே விதியில் சொல்லியாச்சு. அங்க ஏற்கனவே வாழ்ந்த பூர்வகுடிகளின் கிராமத்தில் ஒரு வணிக நிலையம் கட்டினால் போதும், அவர்களின் வீரர்கள் உங்களுக்காகச் சண்டை பிடிப்பார்கள். தோட்டம் போட்டால் குடியேறிகள் சுத்தி நிண்டு வேலை செய்யக் காசு ஏறும். உண்மையில் அந்தக் கரும்பு, புகையிலைத் தோட்டங்களில் உழைத்த அடிமைப்படுத்தப்பட்ட ஆபிரிக்கர்களைத் திரையில் காணேலாது.

இந்தக் குறைகளில் சிலதைத் தயாரிப்பாளர்களும் உணர்ந்தார்கள். 2006இல் சேர்க்கப்பட்ட 'இரொக்குவா', 'சூ' என்ற தரப்புகளின் பெயர்கள் பிறர் வைச்சவை. 2020இல் வந்த புதுப் பதிப்பில் அவை ஹோடெனோஷோனி, லகோட்டா என்று அந்த மக்கள் தங்களை அழைக்கிற பெயர்களாக மாறின. 'கொலோனியல்' யுகம் 'கொமர்ஸ்' யுகமானது. 'பிளான்டேஷன்' என்ற சொல்லைத் தூக்கிப்போட்டு 'எஸ்டேட்' என்று வைச்சார்கள்.

இதைக் கேட்டு எங்கட மலையகத் தோழி சிரிச்சாள். "எஸ்டேட் எண்டா எங்களுக்கு லயத்துக் காம்பரா. அதென்ன நல்ல பேரா?" என்று கேட்டாள். ஆங்கிலேயர் முதலில் கோப்பிக்கும் பிறகு தேயிலைக்குமாகத் தென்னிந்தியாவில் இருந்து கொண்டுவந்த மக்களின் பிள்ளை அவள். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் அவளின் பூட்டன்மாரை நாடற்றவர்கள் ஆக்கினது. ஒரு சொல்லை மாற்றி அமெரிக்காவின் காயத்தை மூடினால், அதே சொல் இங்க வேற காயத்தைத் திறக்குது.

அப்ப விட்டிடுவமா? அந்த முடிவுக்குக் கிட்ட வந்தநேரம் இன்னொருவன் கேட்ட கேள்விக்கு எங்களிட்ட பதில் இருக்கேல்லை. 2022இல் இரண்டாம் பாகத்துக்குத் திராவிடர் என்ற தரப்பும் இராஜேந்திர சோழனின் போர்க்கதையும் வந்தபோது நாங்கள் துள்ளிக் குதிச்சம். உருமி வீரர்களைக் கண்டு விசிலடிச்சம். அதே இராஜேந்திரனின் படைதான் 1017இல் ஐந்தாம் மகிந்தனைச் சிறைபிடிச்சு இந்தியாவுக்குக் கொண்டுபோனது. சூளவம்சத்தில் சோழர் விகாரைகளைக் கொள்ளையடிச்சவர்கள். எங்களுக்கு அவர்கள் பொலனறுவையில் வானவன்மாதேவி ஈச்சரம் கட்டினவர்கள். பக்கத்து அறைச் சிங்கள நண்பன் எங்களோட இருந்து அந்தக் கதையை விளையாடினவன். அவனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று ஒருத்தரும் கேட்கேல்லை. பிடிபட்டவன் நாங்களாக இருந்தால்தான் எங்களுக்கு வரலாறு நோகுது.

அதால வாங்கிறது என்று முடிவெடுத்திட்டம். ஒரு பேரரசு அடுத்தவன் நிலத்தை எப்படிப் பார்த்தது என்று புத்தகம் சொல்லும். இந்தக் கேம் எங்களை அந்தக் கதிரையிலேயே இருத்தும். காடு வெறும் மரமாகவும், மனிசர் வெறும் கூலிப்படையாகவும் தெரியிற இடம் அது. அங்க இருக்கேக்க எங்களுக்குக் கூச்சம் வருதா, இல்லாட்டி வெல்லுற அவசரத்தில் அதுவும் மறந்துபோகுதா என்று பார்க்கவேணும். ஒரு நிபந்தனை: எந்தத் தரப்பை எடுக்கிறமோ, அது உண்மையில் செய்ததை ஆட்டம் முடிய பத்து நிமிஷம் மற்றாக்களுக்குச் சொல்லவேணும். இராஜேந்திரனுக்கும் இதே சட்டம்தான். சிங்கள நண்பனையும் கூப்பிட்டிருக்கிறம்.

சனிக்கிழமை முதல் ஆட்டம். ஒல்லாந்தரை யார் எடுக்கிறது என்றுதான் இன்னும் முடிவாகேல்லை.