கலங்கினோர் நாடிய கரை

மயிலாப்பூரின் கிழக்கே சாந்தோமிலிருந்து, அடையாற்றின் முகத்துவாரத்தைக் கடந்து, பெசன்ட் நகர் வரையில் செல்லும் கடற்கரையின் சரித்திரத்தை வாணிபத்தின் சரித்திரமாகவும் யுத்தங்களின் சரித்திரமாகவும் பலர் எழுதியிருக்கிறார்கள். ஆயினும், தம் புத்திக்கும் பலத்துக்கும் மிஞ்சிய துயரத்தைச் சுமந்துகொண்டு கிறிஸ்தவ விசுவாசத்தின் நிழலை நாடி வந்த சாமானிய மனிதர்களின் சரித்திரமாகவும் அதை எழுதலாம். இங்கே எழுந்து அழிந்த கோட்டைகளின் ஆயுளைவிட அந்தச் சரித்திரத்தின் ஆயுள் நீண்டது.

இயேசுநாதரின் பன்னிரு சீடருள் ஒருவரான தோமா இந்தக் கரைக்கு வந்து உபதேசித்து, கி.பி. 72-இல் பரங்கிமலையில் ஈட்டியால் குத்துண்டு உயிர்நீத்தார் என்பதும், அவருடைய சரீரம் மயிலாப்பூரில் அடக்கம் செய்யப்பட்டது என்பதும் தலைமுறை தலைமுறையாக வழங்கிவரும் ஐதிகம். உயிர்த்தெழுந்த குருநாதரின் காயங்களைத் தொட்டுப் பார்த்தாலன்றி நம்பேன் என்று சொன்னவர் இவர். உள்ளம் தத்தளிக்கும் வேளையில் ஐயம் எழுவதை அவமானமாகக் கருதி ஒளித்துக்கொள்ள வேண்டியதில்லை என்ற தைரியத்தை, இந்த ஸ்தலத்துக்கு வந்தவர்களுக்கு அவருடைய சரிதமே அளித்திருக்கும் என்று நான் நம்புகிறேன்.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் தென்னாட்டைப் பற்றி எழுதிய வெனிஸ் நகரத்து யாத்திரிகர் மார்க்கோ போலோ, இந்தச் சமாதியைப் பற்றி ஓர் அரிய செய்தியைப் பதிவு செய்திருக்கிறார். தோமா உயிர்நீத்த இடத்துச் செம்மண்ணைக் கிறிஸ்தவ யாத்திரிகர்கள் பக்தியோடு எடுத்துச் சென்று, முறைக்காய்ச்சலால் வாடுகிறவர்களுக்கு நீரில் கலந்து கொடுத்தார்கள் என்றும், இஸ்லாமியரும் அந்த மகானைப் போற்றி இங்கே வந்தார்கள் என்றும் அவர் சொல்கிறார். மருந்து அறியாத காலத்தில், நடுங்கும் தன் குழந்தைக்கு ஒரு பிடி மண்ணைக் கரைத்துப் புகட்டிய தாயின் செயலை மூடத்தனம் என்று ஒதுக்கிவிடுவது எளிது. கையில் வேறு ஒன்றும் இல்லாதபோதும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார மறுத்த அன்பின் உறுதியை அதில் காண்பதே நியாயம்.

சாந்தோமுக்கு மேற்கே, லஸ் பகுதிக்கே தன் பெயரைத் தந்த பிரகாச மாதா ஆலயத்தின் கதையும் இத்தகையதே. நடுக்கடலில் புயலில் சிக்கித் திசை தெரியாது தவித்த போர்ச்சுகீசிய மாலுமிகள் தேவமாதாவை வேண்டிக்கொள்ள, தூரத்தில் ஓர் ஒளி தோன்றியது என்றும், அதைப் பின்தொடர்ந்து கரை சேர்ந்தவர்கள் அது மறைந்த இடத்தில் ஆலயம் எழுப்பினார்கள் என்றும் சொல்வார்கள். ஆலயத்துக் கல்வெட்டு 1516 என்ற ஆண்டைக் காட்டுகிறது. அக்காலத்தில் சுற்றிலும் அடர்ந்திருந்த வனம் அழிந்து கடைவீதிகள் வந்துவிட்ட பின்பும், ஜனங்கள் அதைக் காட்டுக்கோயில் என்றே அழைத்துவந்தார்கள். கப்பலோட்டிகளின் தொழிலில் பிரார்த்தனை அலங்காரமல்ல. பாயும் சுக்கானும் பயன்படாத கட்டத்தில் எஞ்சி நின்ற ஒரே துணை அதுதான்.

எனினும் இந்த விஷயத்தின் உள்ளே நம்மை அழைத்துச் செல்வது, 1545-ஆம் ஆண்டில் இங்கே வந்து தங்கிய புனித சவேரியாரின் வாழ்க்கைதான். மன்னாரில் புதிதாகக் கிறிஸ்தவர்களான ஜனங்கள் 1544-இல் யாழ்ப்பாணத்து அரசனின் கட்டளையால் வெட்டி வீழ்த்தப்பட்ட செய்தி அவரை உலுக்கியிருந்தது. அதற்கு நீதி கேட்டு ஒரு படை செல்லும் என்று எதிர்பார்த்து அவர் நாகப்பட்டினத்தில் காத்திருந்தார்; உடைந்த கப்பல் ஒன்றின் சரக்குகள் யாழ்ப்பாணத்து அரசனின் கையில் சிக்கியிருந்தமையால், லாபத்தைக் கருதிய போர்ச்சுகீசியர் அந்தப் படையை அனுப்பவேயில்லை. நம்பியவர்கள் கைவிட்ட நிலையில், இனி எங்கே செல்வது, எதைச் செய்வது என்பது விளங்காமல், அவர் மயிலாப்பூருக்கு வந்து, தோமாவின் சமாதிக்கு அருகே பங்குக் குருவின் இல்லத்தில் ஏறக்குறைய நான்கு மாதங்கள் தங்கினார்.

அங்கே அவருக்கு வானத்திலிருந்து அசரீரி கேட்டதாக அவர் எழுதவில்லை. ஆண்டவருடைய சித்தத்தை உணர்த்துமாறு மன்றாடியதையும், உள்ளத்தில் பெரும் ஆறுதல் பிறந்ததையும், மலாக்காவுக்குச் செல்வதென்ற தீர்மானம் உறுதிப்பட்டதையும் மட்டுமே அவ்வாண்டு மே 8-ஆம் தேதியிட்ட கடிதத்தில் தெரிவிக்கிறார். போர்ச்சுகீசியக் கப்பல் கிடைக்காவிட்டால் வேறு எவருடைய கப்பலிலேனும் போவேன், ஒரு கட்டுமரம் மட்டுமே போகுமாயினும் தெய்வத்தை நம்பி அதிலே ஏறுவேன் என்ற கருத்தையும் அவர் அதில் எழுதினார். இந்தக் கரையின் செம்படவர்கள் நாள்தோறும் உயிரைப் பணயம் வைத்து ஏறும் அந்த மிதவையையே தம் நம்பிக்கைக்கு அளவுகோலாக அவர் எடுத்துக்கொண்டது ஆழ்ந்து சிந்திக்கத் தக்கது. நடந்த அநீதி நேராகவில்லை. மன்னாரில் மாண்டவர்கள் மீளவுமில்லை. ஆனால் தேங்கி நின்ற மனிதர் அடுத்த அடியை எடுத்து வைத்தார்.

பின்னாட்களில் சாந்தோம் பட்ட துன்பங்கள் பல. 1606-இல் மறைமாவட்டத்தின் தலைநகரான அந்த ஊரை 1662-இல் கோல்கொண்டாவின் சேனை கைப்பற்றியது. 1672-இல் பிரெஞ்சுக்காரர் பிடித்தனர். இரண்டே ஆண்டுகளில் முற்றுகைக்குப் பின் அவர்களும் இழந்தனர். மதில்கள் தரைமட்டமாயின; ஆனால் சமாதியையும் அதை நாடி வருவோரையும் எந்த அரசும் அகற்றிவிட முடியவில்லை. இன்று நாம் காணும் வெண்ணிறக் கோபுர ஆலயம் 1896-இல் அபிஷேகம் செய்யப்பட்டது. தெய்வபக்தி பிறர் துயரத்தைத் துடைக்கும் தர்மமாகக் கனிந்ததற்கும் இப்பகுதியிலே சான்று உண்டு: ஆர்மீனிய வர்த்தகர் பெட்ரஸ் உஸ்கான் 1726-இல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே பாலம் கட்டுவித்தார், பரங்கிமலைக்குப் படிகளும் அமைத்துக் கொடுத்தார். வெள்ளத்தில் ஆற்றைக் கடக்க அஞ்சிய யாத்திரிகருக்கும், அதே வழியில் சந்தைக்குச் சென்ற எல்லா மதத்தினருக்கும் அந்தப் பாலம் பயன்பட்டது.

இந்தப் பரம்பரையின் இளைய கிளை பெசன்ட் நகரின் அன்னை வேளாங்கண்ணி ஆலயம். சென்ற நூற்றாண்டின் எழுபதுகளில் எழுந்த அவ்வாலயத்தில், ஆண்டுதோறும் ஆகஸ்டு 29-ஆம் தேதி கொடியேறி, செப்டம்பர் 8-ஆம் தேதி மாதாவின் பிறந்த நாளோடு திருவிழா நிறைவுறும். காவி உடுத்து, நகரின் பல பகுதிகளிலிருந்தும் கால்நடையாக வருகிறவர்களில் இந்துக்கள் ஏராளம். பிள்ளைப்பேறு, கடன், தீராத நோய், மகளின் விவாகம், மகனின் குடி என்று அவரவர் பாரம் வேறு. ஏற்றும் மெழுகுவர்த்தியும் செய்துகொள்ளும் பொருத்தனையும் ஒன்றே.

விசுவாசம் ஆபத்தைத் தடுத்துவிடும் என்று சொல்ல நான் துணியேன். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை பட்டினப்பாக்கத்துச் சீனிவாசபுரத்துக் குடிசைகளை வாரிக்கொண்டு போயிற்று. நாகை மாவட்டத்து வேளாங்கண்ணியில், மாதாவைத் தரிசிக்க வந்திருந்தவர்களே பெருந்தொகையினராக மாண்டார்கள். அவர்களுடைய பக்தியில் குறை இருந்தது என்று சொல்பவன் பாவம் செய்கிறான். ஆனால் அடுத்த ஆண்டுத் திருவிழாவுக்கும் ஜனங்கள் சென்றார்கள். தாங்க முடியாத சுமையை ஒருவன் தனியே சுமக்க வேண்டியதில்லை என்பதையும், அழுது மன்றாட ஓர் இடமும், உடன் முழந்தாளிட மனிதர்களும், நம் பலவீனத்தை அறிந்த இறைவனும் உண்டு என்பதையும் இக்கரையின் சரித்திரம் எனக்குப் போதித்திருக்கிறது. பிரார்த்தனை துன்பத்தை நீக்குகிற நாளும் உண்டு, நீக்காத நாளும் உண்டு. துன்பத்தினிடையே எழுந்து நடந்து, நம்மிலும் நலிந்தவனுக்குக் கைகொடுக்கும் வலிமையை இரண்டு நாட்களிலுமே அதனிடம் கேட்கலாம்.