பழைய மாதிரியே குடுங்க!

ஒரு சர்க்கரைக் கட்டி, அதன்மேல் பிட்டர்ஸ் என்ற கசப்புச் சாறு சில துளி, கொஞ்சம் தண்ணீர். கரைத்து, 60 மில்லி விஸ்கியும் ஐஸும் சேர்த்தால் 'ஓல்டு ஃபேஷன்டு' தயார். மும்பையில் என் சனிக்கிழமைக் கணக்கு இவ்வளவுதான் மக்களே!

1806-ல் நியூயார்க் மாநிலத்து ஹட்சன் நகரப் பத்திரிகை ஒன்று காக்டெயிலுக்குச் சொன்ன விளக்கமும் இதேதான்: ஏதாவதொரு மது, சர்க்கரை, தண்ணீர், பிட்டர்ஸ். அந்த நூற்றாண்டிலேயே பார்க்காரர்கள் குராசோ, அப்சிந்த் என்று புதுசுபுதுசாகச் சேர்க்க ஆரம்பித்தார்கள். சலித்துப்போன வாடிக்கையாளர்கள், "பழைய மாதிரியே குடுங்க" என்றார்கள். கேட்ட கேள்வியே பெயராகிவிட்டது.

இங்கே ஹோட்டல் சாம்பாரில் வெல்லம் தட்டுப்படும்போது நாமும் அதைத்தானே கேட்கிறோம்? கேட்க ஆள் இருக்கும்வரைதான் பழசு பிழைக்கும்.