புவாக்கேயில் ஒரு மட்ச்: ட்ரொக்பாவின் வாக்கும் ஐவரிகோஸ்டின் யுத்தமும்

உதைபந்தாட்டம் ஒரு யுத்தத்தை நிறுத்தியது என்றொரு கதை கனகாலமாக உலாவுகிறது. 2005ஆம் ஆண்டு ஐவரிகோஸ்ட் அணியின் டிடியே ட்ரொக்பா ரிவி கமராவுக்கு முன்னால் முழங்காலில் நின்று ஆயுதங்களைக் கீழே வையுங்கள் என்று கேட்டாராம். ஒரு கிழமைக்குள் துவக்குகள் ஓய்ந்துவிட்டனவாம். விளையாட்டுப் பக்கங்களில் இப்படித்தான் எழுதுகிறார்கள். பாரிஸில் றெஸ்ரோறன்ற் குசினிகளில் வேலை செய்கிற எங்களுக்கு இந்தக் கதையைச் சொன்னவர்கள் பத்திரிகைக்காரர்கள் அல்ல. எங்களோடு ஒரே தொட்டியில் கோப்பை கழுவுகிற, ஒரே மேசையில் வெங்காயம் உரிக்கிற ஐவரிகோஸ்ட்காரர்கள். அவர்கள் சொல்வது வேறு கதை. அவர்களுக்குள்ளும் அது ஒன்றாக இல்லை. புவாக்கே நகரத்தில் பிறந்தவர் ஒரு விதமாகச் சொல்லுவார். மேற்கே டுவெக்குவே பக்கத்திலிருந்து வந்தவர் இன்னொரு விதமாகச் சொல்லுவார். இரண்டு பேருக்கும் மட்சின் ஒவ்வொரு கோலும் மனப்பாடம். கொடுத்த வாக்கு காப்பாற்றப்பட்டதா என்ற இடத்தில்தான் பிரிகிறார்கள்.

யுத்தத்திலிருந்து தப்பி வந்தவர்கள் என்ற வகையில் இந்தக் கேள்வி எங்களுக்கும் உரியது. ஆகவே நடந்ததை வரிசையாகப் பார்ப்போம்.

*

உலகத்தில் ஆகக்கூடிய கொக்கோ விளைகிற நாடு ஐவரிகோஸ்ட். ஐரோப்பாவின் சொக்லேற்றில் பெரும்பங்கு அந்த மண்ணிலிருந்து வருகிறது. 1960இல் பிரான்சிடமிருந்து சுதந்திரம் பெற்ற நாளிலிருந்து 1993இல் சாகும்வரை ஊஃபுவே-புவாஞி என்ற ஒரே மனிதர்தான் ஜனாதிபதி. காட்டை வெட்டிக் கொக்கோ வைக்க ஆட்கள் தேவைப்பட்டார்கள். நாட்டின் வடக்கிலிருந்தும், எல்லை தாண்டி புர்க்கினா பாசோ, மாலி நாடுகளிலிருந்தும் இலட்சக்கணக்கானவர்கள் தெற்குத் தோட்டங்களுக்கு வந்தார்கள். நிலத்தை விளைய வைக்கிறவனுக்கே நிலம் என்பது ஊஃபுவேயின் கொள்கையாக இருந்தது. 1998 குடிசன மதிப்பீட்டின்போது நாட்டில் இருந்தவர்களில் நாலில் ஒரு பங்குக்கு மேல் வெளிநாட்டவர் என்று பதியப்பட்டவர்கள். அவர்களில் பலர் அங்கேயே பிறந்தவர்கள்.

கொக்கோ விலை உயர்ந்திருந்த காலத்தில் யாரும் யாருடைய பூர்வீகத்தையும் கேட்கவில்லை. எண்பதுகளின் பிற்பகுதியில் விலை விழுந்தது. காணி போதவில்லை. ஊஃபுவேக்குப் பிறகு வந்த ஹென்றி கொனான் பெதியே ‘இவுவாறித்தே’ என்ற சொல்லைக் கொண்டுவந்தார். ‘ஐவரிகோஸ்ட் தன்மை’ என்று மொழிபெயர்க்கலாம். யார் உண்மையான ஐவரிகோஸ்ட்காரன் என்பதுதான் அதற்குள் இருந்த கேள்வி. 1994இல் தேர்தல் சட்டம் மாற்றப்பட்டது. ஜனாதிபதி வேட்பாளரின் தாயும் தகப்பனும் பிறப்பால் ஐவரிகோஸ்ட்காரராக இருக்கவேண்டும். வடக்கைச் சேர்ந்த முன்னாள் பிரதமர் அலசான் உவத்தாராவை வெளியே வைக்கத்தான் இது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆனால் சட்டம் ஒரு மனிதரோடு நிற்கவில்லை. தூரே, கோனே, குலிபாலி, டியாகிதே என்ற வடக்குப் பெயரோடு திரிந்த ஒவ்வொருவரும் பொலிஸ் தடையில் இறங்கி நிற்கவேண்டி வந்தது. அந்தப் பெயர்கள் மாலியிலும் புர்க்கினாவிலும் உண்டு என்பதே குற்றம். அடையாள அட்டை கிழிக்கப்பட்ட கதைகளைக் கேட்டிருக்கிறோம்.

1948இல் மலையகத் தமிழர்களின் குடியுரிமை பறிக்கப்பட்ட வரலாற்றைப் படித்த வாசகர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. தோட்டத்துக்கு ஆள் வேண்டும், வாக்குச்சீட்டில் ஆள் வேண்டாம்.

1999 டிசம்பரில் இராணுவப் புரட்சி. 2000இல் கலவரத்துக்கு நடுவே நடந்த தேர்தலில் லோரன் பக்போ ஜனாதிபதியானார். 2002 செப்டெம்பர் 19ஆம் திகதி படையினரில் ஒரு பகுதியினர் கிளர்ந்தார்கள். அபிஜானைப் பிடிக்க முடியவில்லை. நாட்டின் இரண்டாவது பெரிய நகரமான புவாக்கேயைப் பிடித்தார்கள். அதுவே கிளர்ச்சியாளர்களின் தலைநகரமானது. வடக்கு ஒரு பக்கம், தெற்கு ஒரு பக்கம், நடுவே பிரெஞ்சுப் படையும் பின்னர் ஐ.நா. படையும் காவல் நின்ற ஒரு பட்டி நிலம். அதன் பெயர் ‘நம்பிக்கை வலயம்’.

*

இப்போது மட்சுக்கு வருவோம்.

2006 உலகக் கிண்ணத்துக்கான ஆபிரிக்கத் தகுதிச் சுற்று. ஐவரிகோஸ்ட் அதுவரை ஒரு முறைகூட உலகக் கிண்ணத்துக்குப் போனதில்லை. அதே பிரிவில் கமரூன், எகிப்து. 2005 செப்டெம்பர் 4ஆம் திகதி அபிஜானில் கமரூன் 3-2 என்று வென்றுவிட்டது. ட்ரொக்பா இரண்டு கோல் அடித்தும் தோல்வி. கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள் என்று எங்கள் புவாக்கே நண்பர் சொல்லுவார். கடைசி நாளான ஒக்டோபர் 8இல் கமரூனுக்கு 20 புள்ளி, ஐவரிகோஸ்டுக்கு 19. ஐவரிகோஸ்ட் சூடானின் ஒம்டுர்மான் நகரில் வென்றால் மட்டும் போதாது. யாவுண்டேயில் கமரூன் எகிப்தை வெல்லக்கூடாது.

ஒம்டுர்மானில் 3-1. யாவுண்டேயில் 1-1. மேலதிக நேரத்தில் கமரூனுக்குப் பெனால்ரி கிடைத்தது. பியர் வோமே அடித்தார். பந்து கம்பத்தில் பட்டு வெளியே போனது. அந்த ஒரு கம்பத்தின் தடிப்பில் ஐவரிகோஸ்ட் ஜேர்மனிக்குப் போனது.

உடைமாற்றும் அறைக்குள் கமரா வந்தது. அணித்தலைவர் அப்போது சிறில் டொமொறோ. மைக்கைப் பிடித்தவர் ட்ரொக்பா. அவர் பேசியது ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட இருக்கும். வடக்கு, தெற்கு, மத்தி, மேற்கு என்று நாட்டின் நாலு திசை மக்களையும் விளித்தார். எல்லோரும் சேர்ந்து வாழலாம், ஒரே நோக்கத்துக்காகச் சேர்ந்து விளையாடலாம் என்று இன்று காட்டியிருக்கிறோம் என்றார். இந்தக் கொண்டாட்டம் மக்களைச் சேர்க்கும் என்று உங்களுக்கு வாக்குத் தந்திருந்தோம் என்றார். பிறகு எல்லோரும் முழங்காலில் நின்றார்கள். மன்னியுங்கள், ஆயுதங்களை வையுங்கள், தேர்தலை நடத்துங்கள் என்று கேட்டார்.

முழங்காலில் நின்றவர்கள் யார் என்பதையும் பார்க்கவேண்டும். ட்ரொக்பா தெற்கின் பெத்தே இனத்தவர். ஜனாதிபதி பக்போவும் பெத்தே. தூரே சகோதரர்களான கொலோவும் யாயாவும் பிறந்தது கிளர்ச்சியாளரின் புவாக்கேயில். தூரே என்பது பொலிஸ் தடையில் இறக்கி விசாரிக்கப்பட்ட பெயர்களில் ஒன்று. ட்ரொக்பா ஐந்து வயதில் பிரான்சிலிருந்த உறவினரிடம் தனியே அனுப்பப்பட்டு, ஊருக்கும் பிரான்சுக்கும் நடுவே அலைந்து வளர்ந்தவர். அந்த வயதில் விமானம் ஏற்றப்பட்ட பிள்ளைகள் எங்களிடமும் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

*

பேச்சு திரும்பத் திரும்ப ஒளிபரப்பானது. ஆனால் ஒரு கிழமைக்குள் யுத்தம் நின்றது என்பது சரியல்ல. நிற்பதற்கு அந்த நேரத்தில் பெரிய சண்டை நடக்கவில்லை. 2003 ஜனவரியில் பாரிஸுக்கு அருகே லினா-மார்க்குசியில் ஒரு ஒப்பந்தம். அடுத்து அக்ராவில். 2004 நவம்பரில் அரச விமானங்கள் புவாக்கேயில் குண்டு போட்டு ஒன்பது பிரெஞ்சுச் சிப்பாய்களும் செத்தபோது எல்லாம் முறிந்தது. 2005 ஏப்ரலில் பிரிட்டோரியாவில் மறுபடி ஒரு ஒப்பந்தம். ஒக்டோபரில் இருந்தது யுத்தமுமல்ல, சமாதானமுமல்ல. ‘யுத்த நிறுத்தம்’ என்ற சொல்லுக்குள் எவ்வளவு பயம் இருக்கமுடியும் என்பதை 2002 பெப்ரவரியிலிருந்து 2008 ஜனவரிவரை ஊரில் இருந்தவர்கள் அறிவார்கள்.

ட்ரொக்பா கேட்ட தேர்தல் அந்த ஒக்டோபர் 30ஆம் திகதி நடந்திருக்கவேண்டியது. நடக்கவில்லை. ஒத்திவைத்து ஒத்திவைத்து, ஐந்து வருடம் கழித்து 2010 ஒக்டோபர் 31இல்தான் நடந்தது.

இரண்டாவது வாக்கு 2007இல் வருகிறது. அந்த மார்ச் 4ஆம் திகதி வாகடுகுவில் பக்போவும் கிளர்ச்சித் தலைவர் கியோம் சொரோவும் நேரடியாகப் பேசி ஒப்பந்தம் செய்தார்கள், சொரோ பிரதமரானார். அதே மாதத்தில் ஆபிரிக்காவின் சிறந்த வீரர் விருதோடு ட்ரொக்பா புவாக்கேக்குப் போனார். மடகஸ்காருக்கு எதிரான அடுத்த மட்ச் இங்கேதான் நடக்கும் என்று அந்த மக்களுக்குச் சொன்னார். எங்கள் நண்பரின் தகப்பன் அன்றைக்குத் தெருவில் நின்றவர். ‘அரசியல்காரர் சொன்னால் திகதி கேட்போம், அவன் சொன்னபோது ரிக்கற் விலை கேட்டோம்’ என்றாராம்.

2007 ஜூன் 3. 1984 ஆபிரிக்கக் கிண்ணத்துக்காகக் கட்டிய மைதானம். பெயர் சமாதான மைதானம். ஐந்து வருடம் பிரிந்துகிடந்த நாட்டின் அணி கிளர்ச்சியாளரின் நகரத்தில் விளையாடியது. 5-0. கடைசிக் கோல் ட்ரொக்பாவுடையது. யுத்தம் தொடங்கியபின் பக்போ புவாக்கேக்கு வந்தது ஜூலை 30ஆம் திகதி, அதே மைதானத்தில் ஆயுதங்களை எரித்த சடங்குக்குத்தான். ஜனாதிபதிக்கு ஏறக்குறைய இரண்டு மாதம் முந்தியே பந்து அங்கே போய்விட்டது.

வரிசையைக் கவனித்தால், மட்ச் ஒப்பந்தத்தைக் கொண்டுவரவில்லை. ஒப்பந்தம் வந்தபடியால்தான் மட்ச் நடந்தது. ஆனால் வாகடுகுவில் வைத்த கையெழுத்தை புவாக்கேச் சந்தையில் மீன் விற்கிற மனுசி எப்படிப் பார்ப்பாள்? அவள் பார்த்தது தெற்கிலிருந்து வந்த அணியை. தன்னுடைய ஊரில் இறங்கி விளையாடிய பொடியன்களை. கோடு கடக்கக்கூடியது என்பதை ஒப்பந்தம் சொல்லியது. மட்ச் கடந்து காட்டியது. எங்கள் புவாக்கே நண்பரின் கட்சி இது.

*

மேற்குக்காரரின் கட்சியையும் எழுதவேண்டும். இல்லாவிட்டால் இது வரலாறாகாது.

2010 நவம்பர் 28ஆம் திகதி இரண்டாம் சுற்றில் உவத்தாரா 54 வீதம் பெற்று வென்றதாகத் தேர்தல் ஆணைக்குழு அறிவித்தது. அரசியலமைப்புச் சபை பக்போவே வென்றதாக மாற்றிச் சொன்னது. ஒரு நாட்டுக்கு இரண்டு ஜனாதிபதிகள். 2011 ஏப்ரல் 11இல் பக்போ பிடிபடும்வரை மூவாயிரம் பேருக்குக் குறையாமல் கொல்லப்பட்டார்கள். மார்ச் மாதக் கடைசியில் உவத்தாராவின் படைகள் டுவெக்குவேயைப் பிடித்தபோது நூற்றுக்கணக்கானவர்கள் கொல்லப்பட்டார்கள். ‘அந்த மார்ச்சில் எங்கள் ஊரில் மட்ச் ஒன்றும் இருக்கவில்லை’ என்பார் அவர். அதற்குமேல் பேசமாட்டார்.

அதே வருடம் உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழுவில், வெளிநாட்டில் வாழும் ஐவரிகோஸ்ட்காரரின் பிரதிநிதியாக ட்ரொக்பா நியமிக்கப்பட்டார். 2014 டிசம்பரில் அறிக்கை ஜனாதிபதியிடம் கையளிக்கப்பட்டபோது மக்களுக்கு அதைக் காட்டவில்லை. ஆணைக்குழுக்களின் அறிக்கைகள் எங்கே போகும் என்பது எங்களுக்குப் புதிதல்ல. 2022இல் ட்ரொக்பா நாட்டின் உதைபந்தாட்டச் சம்மேளனத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டு முதற்சுற்றிலேயே தோற்றார்.

அப்படியானால் வாக்கு பொய்த்ததா? ட்ரொக்பா தந்த வாக்கும் கேட்ட பிச்சையும் ஒன்றல்ல என்பதுதான் எங்கள் எண்ணம். கொண்டாட்டம் மக்களைச் சேர்க்கும் என்றார், சேர்த்தது. புவாக்கேயில் விளையாடுவோம் என்றார், விளையாடினார்கள். ஆயுதத்தை வையுங்கள், தேர்தலை நடத்துங்கள் என்பவை வாக்குகள் அல்ல, வேண்டுதல்கள். அவற்றைச் செய்யும் அதிகாரம் வேறு ஆட்களிடம் இருந்தது. அவர்கள் மார்க்குசியிலும் அக்ராவிலும் பிரிட்டோரியாவிலும் கையெழுத்து வைத்தவர்கள். முழங்காலில் நின்றவனிடம் கணக்குக் கேட்டுக்கொண்டிருந்தால், கையெழுத்து வைத்தவர்களிடம் கணக்குக் கேட்க ஆளில்லாமல் போகும். உதைபந்து யுத்தத்தை நிறுத்தியது என்ற இனிப்பான கதையிலும் இதே ஆபத்து இருக்கிறது. அதை நம்பினால் இவுவாறித்தேயும், கொக்கோக் காணியும், கிழிந்த அடையாள அட்டையும் கதையிலிருந்து காணாமல் போய்விடும்.

அவை இன்னும் போகவில்லை. 2025 ஏப்ரலில் ஜனாதிபதித் தேர்தல் வேட்பாளர் திஜான் தியாமின் பெயரை நீதிமன்றம் வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கியது. காரணம் குடியுரிமை. முப்பது வருடத்துக்கு முன் இதே கேள்வியைக் கிளப்பிய பெதியேயின் கட்சிக்குத்தான் தியாம் தலைவர். இந்த முறை ஆட்சியில் இருந்தவர் உவத்தாரா. கத்தி கைமாறியிருக்கிறது, கத்தி அதேதான்.

அதற்கு ஒரு வருடம் முந்தி, 2024 பெப்ரவரி 3ஆம் திகதி, ஆபிரிக்கக் கிண்ணக் காலிறுதி புவாக்கே சமாதான மைதானத்தில் நடந்தது. ஐவரிகோஸ்டும் மாலியும். முதற்பாதி முடியுமுன்னே ஐவரிகோஸ்டுக்குப் பத்துப் பேர்தான். 71ஆவது நிமிடத்தில் மாலி கோல் போட்டது. 90ஆவது நிமிடத்தில் சமன். மேலதிக நேரமும் முடிந்து நடுவர் விசிலை வாயில் வைக்கிற நேரத்தில் வெற்றிக் கோல் விழுந்தது. எட்டு நாள் கழித்து அந்த அணி கிண்ணத்தையும் வென்றது. மைதானத்துக்கு வெளியே ஒரு காலத்தில் இளைஞர்களை பஸ்ஸிலிருந்து இறக்கிப் பெயர் கேட்டார்கள். அன்று மாலிக்கு எதிராக ஐவரிகோஸ்டுக்குக் கோல் அடித்தவனின் பெயர் டியாகிதே. மைதானம் முழுவதும் அந்தப் பெயரைக் கத்தியது. எந்த நாட்டுப் பெயர் என்று அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை.